லேயின் வெயிலை நம்பிக் குடிபோகலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். மகளுக்கு ஏழு வயது. ஜூனில் மழை பிடித்தால் டிசம்பர் வரைக்கும் அவளுக்கு இளைப்பு, ராத்திரி இருமல், இன்ஹேலர். போன ஜூலையில் எட்டு நாள் லடாக் போனீர்கள். லே நகரத்தில் இருந்த ஒரு நாளும் அவளுக்கு இளைப்பு வரவில்லை. உங்களுக்கு வீட்டில் இருந்தே செய்கிற கம்ப்யூட்டர் வேலை, மனைவி நர்ஸ். அப்பாவுக்கு 68 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எல்லோருமாக லேக்கே குடிபோய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது ஜூலை மாதத்து லே. ஒரு ஜனவரி முழுக்க அங்கே இருந்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். அப்பாவை மட்டும் எப்படிப் பார்த்தாலும் அங்கே கொண்டுபோய்க் குடிவைக்க வேண்டாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

நான் தக்கலைக்காரன். முதலில் முப்பந்தலில் காற்றாலை வேலை, அப்புறம் சோலார் வேலைக்காக லே. 2012 முதல் 2018 வரை மனைவி, பையனோடு அங்கே இருந்தேன். ஆறு குளிர்காலம் பார்த்தாயிற்று. அந்த ஊரை இன்றும் நேசிக்கிறேன்.

வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. லே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இமயமலை மழை மேகத்தைத் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அங்கே பெய்வது கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர்தான். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு பெருமழை நாளில் அவ்வளவு கொட்டிவிடும். அதனால் வானம் எப்போதும் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருக்கும். சோலார்காரனுக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. பேனல் சூடாக ஆக, டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். நம்ம ஊர் மொட்டை மாடியில் கொதிக்கிற பேனல் கொடுப்பதைவிட, அங்கே குளிர்ந்த காற்றில் நிற்கிற அதே பேனல் கூடுதலாகக் கொடுக்கும்.

ஆனால் அது மெல்லிய காற்றின் வழியாக வருகிற வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடும். முதல் வருஷம் என் பையனுக்குக் கன்னம் இரண்டும் வெடித்துத் தோல் உரிந்தது. மூக்கில் அடிக்கடி ரத்தம் கசியும். கறுப்புக் கண்ணாடியும் உதட்டுக்குப் பூசுகிற களிம்பும் இல்லாமல் பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டோம்.

ஜனவரிக்கு வருகிறேன். பகலில் வெயில் பளீரென்று அடிக்கும், அப்போதும் நிழலில் பூஜ்யத்துக்குக் கீழேதான். நாலரை மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சட்டென்று இறங்கும். ராத்திரி மைனஸ் 15 சாதாரணம், மைனஸ் 20ம் தொடும். இந்தக் குளிரில் வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். தெற்கு பார்த்த கண்ணாடி அறையும், பின்னால் கனத்த மண் சுவரும் இருந்தால், பகல் வெயிலைச் சுவர் வாங்கிவைத்து ராத்திரி மெதுவாக விடும். ஃபே கிராமத்தில் செக்மோல் என்ற கல்வி நிலையம் இப்படிக் கட்டியிருக்கிற வீடுகள், அடுப்பே மூட்டாமல் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அங்கே போனால் அதைப் பார்க்காமல் வராதீர்கள். ஆனால் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிமென்ட் கட்டடம். கோடைக்கால சுற்றுலாவுக்காகக் கட்டியவை, வடக்கு பார்த்த அறையும் இருக்கும். அதில் புகாரி என்கிற இரும்பு அடுப்பை வைத்து விறகோ மண்ணெண்ணெயோ எரிக்க வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போகலாம்.

அடுத்தது தண்ணீர். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. வீட்டுக் கிணறும் வாய்க்காலும் குளமுமாக வளர்ந்தவர்கள் நாம். லேயில் குளிர்காலத்தில் குழாய்க்குள்ளே தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். அதனால் பல வீடுகளில் நவம்பரிலேயே குழாயை வடித்து மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் லாரித் தண்ணீர், கைப்பம்பு, குடம். என் மனைவி மூன்று மாதம் ஒரு நாளைக்கு நான்கு வாளியில் சமையல், பாத்திரம், துணி எல்லாவற்றையும் முடிப்பாள். கிராமங்களில் பனிப்பாறை உருகி வருகிற நீரைப் பங்கு வைக்கச் சுர்பொன் என்று ஒருவரை ஊரே நியமிக்கும். நம்ம பக்கம் மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் இருந்தார்கள் இல்லையா, அது மாதிரி. உலர் கழிப்பறையும் அந்தச் சிக்கனத்திலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து நாலு பேர் போய்க் குடியேறி, நம்ம வழக்கப்படி தண்ணீர் செலவழித்தால் அந்த ஊர் தாங்காது என்பதை அங்கே இருந்த காலத்தில் நன்றாக உணர்ந்தேன்.

இனி அப்பா விஷயம். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தண்ணீரே 88 டிகிரி அளவில் கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்தக் கணக்கில்தான் குறையும். 2014 ஜூனில் என் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். வயது 64. அதுவரை ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர், தன் தோப்பில் தானே தென்னை ஏறித் தேங்காய் போடுகிறவர். இரண்டு நாள் படுத்திருங்கள் என்று சொன்னேன். ஒரு நாள் படுத்தார். இரண்டாம் நாள், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பேரனைக் கூட்டிக்கொண்டு லே அரண்மனை மேடு ஏறிவிட்டார். அன்று ராத்திரி தலைவலி. மூன்றாம் நாள் ராத்திரி படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். நெஞ்சுக்குள் குமிழி உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த விமானத்தில் டெல்லிக்கு இறக்கினோம். கீழே இறங்கிய சில மணி நேரத்தில் மூச்சு தெளிந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வருகிற வழியில் களியக்காவிளை தாண்டியதும், "இங்க காத்துக்கு ஒரு கனம் உண்டுமே மக்களே" என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடம்பு எவ்வளவு வலு என்பது இதில் ஒரு காப்பும் இல்லை. மெதுவாக ஏறுவதும் முதல் நாட்களில் ஓய்வு எடுப்பதும்தான் காப்பு. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், அதை டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். பிரஷர் இருக்கிறவர்கள் எல்லோரும் லே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாத்திரையில் கட்டுப்பாடாக இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்து வரலாம். குடியிருப்பது வேறு. 68 வயதில் ஒரு நாள் நெஞ்சு வலி வந்தால், மாவட்ட ஆஸ்பத்திரியைத் தாண்டிய பெரிய சிகிச்சைக்கு டெல்லியோ சண்டிகரோ போக வேண்டும். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் ஏறி இறங்கும். மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிடும். மேகம் மூடினால் அதுவும் ரத்து. இது போக, அப்பாவுக்கு அங்கே பேச்சுத்துணை யார்? காலையில் டீக்கடை, சாயங்காலம் கோவில் நடை என்று இருக்கிறவரை மொழி தெரியாத ஊரில் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

மகளின் இளைப்புக்கு வருகிறேன். அவளுக்கு அங்கே சுகமானது கற்பனை இல்லை. வீட்டுத் தூசியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். உயரமான, வறண்ட இடத்தில் அவை பிழைக்காது. ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மாதிரி மலை ஊர்களுக்கு ஆஸ்துமாக்காரர்களை அனுப்பிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குலசேகரம் பக்கத்து வீட்டில் சுவரில் ஓதம், அலமாரிக்குப் பின்னால் பூசணம், மழைக்காலம் முழுக்கக் காயாத துணி. எட்டு நாள் இவை எதுவும் இல்லாத இடத்தில் இருந்ததால் அவள் மூச்சு இலகுவாகியிருக்கலாம். ஆனால் அதே லேயில் ஜனவரியில் மைனஸ் பத்துக் காற்றை அவள் ஓடி விளையாடி வாய்வழியாக இழுத்தால், அந்தக் குளிரும் வறட்சியுமே இளைப்பைக் கிளப்பும். புகாரிப் புகை, மண் சாலைத் தூசி இரண்டும் ஆஸ்துமாவுக்கு ஆகாது. இன்னொன்று, வறண்ட இடத்தில் கிடைத்த சுகம், திரும்ப ஈரத்துக்கு வந்ததும் பெரும்பாலும் நிற்பதில்லை. வருஷா வருஷம் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் பழையபடி இளைப்பாள்.

அதனால் நான் சொல்வது, முதலில் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். மெத்தை, தலையணைக்கு உறை போடுவது, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைப்பது, ஓதம் ஏறுகிற சுவரைச் சரிபார்ப்பது, தடுப்பு இன்ஹேலரை விடாமல் எடுப்பது, இவற்றை ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்து பாருங்கள்.

வறட்சிதான் மருந்து என்று தெரிந்தால், அதற்கு 3,500 மீட்டர் ஏற வேண்டியதும் இல்லை. நம்ம மாவட்டத்தின் விசேஷத்தை யோசியுங்கள். குலசேகரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வெயில். மலை மழையை மேற்கிலேயே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றை மட்டும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. காற்றாலை எல்லாம் அங்கே நிற்பது அதனால்தான். இமயமலை லேக்குச் செய்வதைச் சின்ன அளவில் மேற்குத் தொடர்ச்சி மலை பணகுடிக்கும் வள்ளியூருக்கும் செய்கிறது. வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வள்ளியூரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து மகளை அங்கே வைத்துப் பாருங்கள். உங்கள் வேலைக்கும் தடை இல்லை. அப்பா சனி ஞாயிறு பஸ் ஏறி வந்துவிடலாம். அந்த மாதங்களில் அங்கே காற்றில் தூசி உண்டு, அது அவளுக்கு ஆகிறதா என்றும் தெரிந்துபோகும். என்னைக் கேட்டால், லேக்கு முந்தி செய்ய வேண்டியது இதுதான்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வேலைக்கு இணையம் வேண்டும். வெளி மாநிலத்துப் பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். மின்சாரம் முன்னைவிட எவ்வளவோ தேவலை. 2014ல் 45 மெகாவாட் நிமூ பாஸ்கோ நீர்மின் நிலையம் வந்தது, 2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர் வழியாகத் தேசிய மின்தொடரோடு லே இணைந்தது. ஆனாலும் கேமராவைப் போட்டுக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் மீட்டிங் என்றால் இரண்டு வகை இணைப்பும் பேட்டரியும் இல்லாமல் முடியாது.

உங்கள் மனைவிக்கு அங்கே அரசு வேலை கிடைப்பது கஷ்டம். லடாக் 2019 அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசம். 2025ல் வந்த விதிப்படி அரசு வேலைகளில் 85 சதவீதம் உள்ளூர்வாசிகளுக்கு. வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர்வாசி ஆக, அந்த 2019ம் தேதியிலிருந்து கணக்கிட்டு 15 வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். தனியார் மருத்துவ இடங்கள் குறைவு.

இந்த விதியைப் பார்த்து நம்மை வேண்டாம் என்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். லடாக்கின் ஜனத்தொகை மூன்று லட்சம் அளவுதான். நிலமும் மொழியும் தண்ணீரும் கைவிட்டுப் போய்விடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தருகிற அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு கேட்டு வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். 2025 செப்டம்பர் 24ம் தேதி அந்தப் போராட்டத்தில் லேயில் நான்கு பேர் உயிர் போயிற்று. ஊரடங்கு வந்தது, கைபேசி இணையத்தை நிறுத்தினார்கள். நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்காது. 1954 ஆகஸ்ட் 11ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களை நினைத்துத்தானே, 1956 நவம்பர் 1ம் தேதி நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததை இன்றும் கொண்டாடுகிறோம். தன் மண்ணைத் தன் மொழியில் ஆள வேண்டும் என்று நினைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள், அதையே நினைக்கிற இன்னொரு ஜனத்தின் ஊருக்குப் போகும்போது விருந்தாளி மாதிரிதான் போக வேண்டும். நிலம் வாங்கும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஜனங்கள் அருமையானவர்கள். எதிரில் வருகிற யாருக்கும் "ஜூலே" சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா குளிர்காலத்தில் தினமும் ஒரு கிண்ணம் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் கொண்டுவந்து கொடுப்பார். என் மனைவி இங்கிருந்து கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸை அவருக்குக் கொடுப்பாள். சாப்பாட்டில் கஷ்டம் உண்டு. குழியில் புதைத்து வைத்த உருளை, முள்ளங்கி, கேரட், கோஸ்தான் மார்ச் வரைக்கும். தேங்காய் அபூர்வம். "அங்க சாளை கிட்டுமா?" என்று போனில் அம்மா கேட்காத வாரம் இல்லை. கிட்டாது. ஆறு வருஷமும் கருவாடுதான். பள்ளிக்கூடம் டிசம்பர் நடுவில் மூடினால் மார்ச்சில்தான் திறக்கும், அந்த இரண்டரை மாதமும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருப்பாள்.

வழி பற்றியும் சொல்ல வேண்டும். 2020ல் மணாலி வழியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்ததும் லேக்கு வருஷம் முழுக்க ரோடு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது ரோதாங் கணவாயை மட்டும்தான் தவிர்க்கிறது. அதற்கப்புறம் வருகிற பாரலாச்சா கணவாய் குளிர்காலத்தில் பனியில் மூடித்தான் இருக்கும். ஸ்ரீநகர் வழியில் சோஜி லா கணவாய் மூடும் காலம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊரில் ஒரு சாவு என்றால், லேயில் காலை விமானம் ஏறி, டெல்லியில் மாறி, திருவனந்தபுரம் இறங்கி, ராத்திரிக்குள் குலசேகரம் வரலாம், எல்லாம் சரியாக அமைந்தால். என் பெரியம்மா போனபோது இரண்டு நாள் விமானம் ரத்து. பதினாறாம் நாளுக்குத்தான் வந்தேன்.

ஜனவரி போவதானால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். மூன்று வாரமாவது இருக்கப் பாருங்கள், ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. போன முதல் 48 மணி நேரம் அறையை விட்டு இறங்க வேண்டாம். அதற்கப்புறம் ஹோட்டலில் இருக்காமல் ஒரு வீட்டு அறையில் இருந்து, நீங்களே தண்ணீர் பிடித்து, நீங்களே சமைத்து, உங்கள் வேலையையும் முழு நேரம் செய்யுங்கள். உங்கள் மனைவியோடு தினமும் ராத்திரி பேசும்போது அன்றைக்கு எத்தனை வாளி தண்ணீர், அறையில் எத்தனை டிகிரி, இணையம் எத்தனை தடவை போயிற்று என்று சொல்லுங்கள். முடிவு எடுக்க அவருக்கும் அந்தக் கணக்கு வேண்டும். அது சரிப்பட்டு, மகளின் டாக்டரும் சம்மதித்தால், அடுத்த கோடையில் அவளையும் கூட்டிப்போய் இரண்டு மாதம் வைத்துப் பார்க்கலாம்.

நாங்கள் இருந்த வீட்டில் இப்போதும் குளிர்காலத்துக்கு ஒரு அறை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். போவதாக இருந்தால் நவம்பருக்குள் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவிடம் பேசி, தெற்கு பார்த்த கண்ணாடி அறையாகவே கேட்டு வைக்கிறேன்.